கட்டிங் டேபிளில் எழுதிய தேதி

அருள்புரம்,
12.5.2009

அன்பு மகன் தங்கதுரைக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் மைதிலியும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு எழுந்துகொண்டிருக்கிறோம். அந்த ஜோர்டான் சீமையில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை, பொய்யில் ஆரம்பித்தால் கடுதாசி பூராவும் பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போன் இருப்பது கூடத்தில், உன் பெண்டாட்டி மைதிலியின் கட்டில் இருப்பதும் கூடத்தில்தான். நான் போனில் 'ம்' என்று சொன்னால்கூட அது யாரைப் பற்றிய 'ம்' என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் அடுப்படியில் உட்கார்ந்து, சோறு வேகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். இதில் இருப்பதெல்லாம் என் பேச்சு, ஒரே ஒரு வரி மட்டும் மைதிலி எழுதச் சொன்னது. அதைக் கடைசியில் எழுதுகிறேன். கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாயே, அந்தப் புத்தியை இங்கே காட்டாதே, வரிசையாகப் படித்து வா கண்ணு.

நீ விமானம் ஏறியபோது அவளுக்கு ஒரு கண் மங்கித் தெளிந்திருந்தது, அவ்வளவுதான். பேக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக, பனியன் கம்பெனியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. பிறகுதான் வலது கால் இழுக்க ஆரம்பித்தது, அப்புறம் இடதும் சேர்ந்துகொண்டது. கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்து மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்று பெயர் சொன்னார்கள். உன்னிடம் போனில் சொல்வதற்காக அந்தப் பெயரை நான் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். பெயர்தான் உனக்குத் தெரியும், அவள் காலை நீ பார்த்ததில்லை. மூளையிலிருந்து காலுக்குப் போகிற நரம்பின் மேல் உறை அங்கங்கே உரிந்துவிட்டதாம், ஒயரில் ரப்பர் உரிந்த மாதிரி என்று டாக்டர் சொன்னார். அதனால் தளர்த்து என்று மூளை சொல்வது காலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை, சதை பிடித்தது பிடித்தபடி நின்றுவிடுகிறது. காலையில் எழும்போது இரண்டு தொடையும் ஒன்றோடொன்று இறுகி, பாதம் கீழ்நோக்கி விறைத்து, குதிகால் தரையில் படாமல், பலகை மாதிரி இருக்கும். பாவாடை மாற்றிவிட நான் முழங்காலைப் பிரிப்பேன், அவளுக்கு வெட்கம், எனக்கு அழுகை, இரண்டு பேரும் வேறு எதையாவது பேசிக்கொண்டே அதைச் செய்து முடிப்போம். காலில் செருப்பு கழன்றது தெரியாமல் வாசல்வரை போய்விட்டு, திரும்பும்போது வழியில் கிடக்கும் செருப்பைப் பார்த்து அவளே சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

விறைப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கால் தளர்ந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். எழுந்து நின்றவள் அப்படியே மடிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு முத்துப்பேச்சி பழக்கம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், பிசியோ என்கிறார்கள், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, நம்மைவிட வேகமாகப் பேசும். "அம்மா, இந்த வெறப்புதான் இத்தன நாளா அவியள நிக்க வச்சிருக்கு. அத ஒரேயடியா எடுத்துப்புட்டா எத ஊனி நிப்பாவ? வெறப்பு கொஞ்சங் கொஞ்சமா கொறையணும், அந்த எடத்துல பெலம் ஏறணும்" என்றாள். நான் அதுவரைக்கும் அந்த விறைப்பைச் சனியன் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரும் மாத்திரையைக் குறைத்துவிட்டார். உங்கப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஸ்டீம் காலண்டரிங்கில் முப்பது வருஷம் நின்ற மனுஷன், எந்தத் துணி சுருங்கி விறைத்து வந்தாலும் ஆவி காட்டி நீட்டிவிடலாம் என்பதுதான் அவர் வேதம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். இந்த நோய்க்குச் சூடு ஆகாது, சூடு பட்டால் கண்ணும் காலும் இன்னும் மோசமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் உங்கள் மெஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தக் காந்த மெஷின் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் நீ கேட்கிற ஒரே கேள்வி, மெஷின் வேலை செய்கிறதா என்பது. கோயமுத்தூரில் டாக்டர்கள் ஒரு ஆராய்ச்சி செய்கிறார்கள், ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள். நாற்காலியில் உட்கார வைத்து உச்சந்தலைக்கு மேலே வட்டமாக ஒரு கருவியைப் பிடிக்கிறார்கள், அது டக் டக் டக் என்று சத்தம் போடுகிறது. மூளையில் காலை ஆளுகிற இடத்தை அது தட்டி எழுப்புமாம். ஷாக் எல்லாம் கிடையாது, அவள் கண்ணைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அது முடிந்த கையோடு முத்துப்பேச்சியிடம் பயிற்சி, கெண்டைச்சதையை இழுத்துவிடுவது, உட்கார்ந்து எழுவது, கம்பியைப் பிடித்து நடப்பது. மடையைத் திறந்துவிடுவதுதான் மெஷின் வேலை, தண்ணீர் கட்டுவது நம் வேலை என்று நான் புரிந்துகொண்டேன். முதல் நாள் இடம் கண்டுபிடிக்கத் தலையில் இங்கே அங்கே வைத்துப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் வைத்ததும் அவள் கால் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் முருகா என்று கத்திவிட்டேன். அந்த அறையில் நான் ஒருத்திதான் பயந்தவள், மைதிலி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு விஷயம் உனக்குச் சொல்லவில்லை. மெஷின் இரண்டு விதம். ஒன்றில் காந்தம் உண்டு, இன்னொன்றில் சத்தம் மட்டும்தான் வரும், உள்ளே ஒன்றும் கிடையாது. எந்தப் பேஷண்டுக்கு எது என்று பேஷண்டுக்கும் தெரியாது, முத்துப்பேச்சிக்கும் தெரியாது, எல்லோரும் முடித்த பிறகுதான் சொல்வார்களாம். முதல் நாள் விரல் துள்ளியதை வைத்தும் சொல்ல முடியாதாம், இடம் பார்ப்பதற்கு எல்லோருக்கும் நிஜ மெஷினைத்தான் வைப்பார்களாம். பயிற்சி மட்டும் எல்லோருக்கும் உண்டு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பந்தியில் உட்கார வைத்து ஒருத்தருக்குச் சோறும் ஒருத்தருக்கு வெறும் இலையும் போடுவீர்களா என்று டாக்டரிடமே கேட்டேன். வெறும் மெஷின் கிடைத்தவர்களுக்குப் பின்னால் நிஜ மெஷின் வைத்துத் தருவோம் என்றார். மைதிலிதான் என் கையைப் பிடித்து, "அத்தை, சாம்பிள் பாக்காம யாராச்சும் ஆர்டர் போடுவாங்களா. அவுங்க சாம்பிள் பாக்கறாங்க, விடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு இருக்கிற தைரியம் நம் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

தலைக்கு மெஷின் வைக்கிறார்கள் என்றதும் ஊர் என்ன பேசியிருக்கும் என்று உனக்குத் தெரியாததா. அப்பா பெயரைச் சொல்லி, ரத்தினசாமி மருமகளுக்குப் புத்தி பிசகிவிட்டது, கோயமுத்தூரில் கரண்டு வைக்கிறார்கள் என்று தெருக்கோடிவரை போய்விட்டது. இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, திருமுருகன்பூண்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்க, சித்தம் கலங்கினவங்க அங்கே தங்கினால் தெளியும் என்று புத்தி சொன்னார்கள், அதுவும் அவள் எதிரிலேயே. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது. அவர்களை நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது என் கூடப்பிறந்தவனை.

உன் மாமன் மருதாசலம் பங்குனிக் கடைசியில் வந்திருந்தான். காபி குடித்தான், மழை இல்லை என்றான், கம்பெனிகளில் ஆர்டர் இல்லை என்றான், அப்புறம் குரலைக் குறைக்காமலே ஆரம்பித்தான். "ஏனுங்கக்கா, தலைக்கே மெஷின் வெக்கற அளவுக்கு வந்துடுச்சு. அந்தப் புள்ளைய உடுமலைல அவங்கப்பன் ஊட்டுல உட்டுட்டு வந்தா அவங்க பாத்துக்க மாட்டாங்களா. நம்ம சித்ரகலாவுக்கு இன்னும் ஒண்ணும் அமையலீங்க. மொறைன்னு ஒண்ணு அன்னிக்கே இருந்துச்சு, நாமதான் உட்டுட்டோம்" என்றான். தாய்மாமன் மகள் முறை என்பது எனக்குத் தெரியாதா. சித்ரகலா தங்கமான பெண், அவள் அப்பன் இப்படிப் பேசுவது அவளுக்குத் தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள். நான் எழுந்து நின்று, உன் காபி ஆறிப்போச்சு, குடிச்சிட்டுக் கிளம்பு என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் சொன்னதுதான் இந்த வீட்டைக் கெடுத்தது. "மாப்பிள்ளைகிட்ட நான் போன்ல பேசியாச்சுங்க. ஆறு வாரம் முடியட்டும், தேறுதான்னு பாத்துட்டு வைகாசில வந்து யோசிக்கலாம்னு அவனே சொல்லீட்டான்" என்றான்.

கட்டிலில் மைதிலி தலையணை உறையைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காதவள் மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சரி செய்தாள். நீ அப்படிச் சொன்னாயா, என் தம்பி கூட்டிச் சொன்னானா, எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. சொல்லவில்லை என்றால் நம்புவேன், சொன்னேன் என்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னது சொல்லாதது எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் பின்கட்டு ஷெட்டில் போய்ப் பார்க்கிறேன், துணி வெட்டுகிற நம் பழைய கட்டிங் டேபிள் இருக்கிறதே, அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து பழகுவாள், முத்துப்பேச்சிதான் நீளமாக இருக்கிறது நல்லது என்று சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பலகையில் மார்க்கிங் சாக்பீஸால் நீ லீவில் வருகிற தேதியைப் பெரிசாக எழுதி வைத்திருந்தாள். புருஷன் வருகிறான் என்ற ஆசை போல என்று நான் சிரித்தேன். எத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து என்ன, எனக்கு உறைக்கவில்லை. சரக்கு அனுப்பியே தீர வேண்டிய ஷிப்மென்ட் தேதி மாதிரித்தான் அவள் அதை எழுதியிருக்கிறாள். பேக்கிங்கில் இருந்தவள் அல்லவா. தேதி நெருங்கினால் இந்த ஊரில் என்ன செய்வோம், டபுள் ஷிப்ட் ஓட்டுவோம், சோறு தண்ணி இல்லாமல் நின்று முடிப்போம், முடியும், அப்படித்தான் இத்தனை வருஷமும் முடித்திருக்கிறோம். அதையே அவள் காலுக்குச் செய்தாள். முத்துப்பேச்சி போதும் என்று சொன்ன அளவுக்கு மேலே, எனக்குத் தெரியாமல் இன்னொரு மடங்கு. நான் படுத்து எழுவதற்குள் ஒரு தடவை, நான் கடைக்குப் போனால் ஒரு தடவை. முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டால் வெயிலுங்க அத்தை என்பாள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்த இரண்டாம் நாள் நான் பல்லடத்துக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். மத்தியானம் கரண்டு கட், இப்போதெல்லாம் தினமும் உண்டு. தகர ஷெட்டில் ஃபேன் நின்றால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். அவள் நிறுத்தவில்லை. சூட்டில் கண் மங்கியிருக்கிறது, கால் வெடவெடவென்று ஆடியிருக்கிறது, டேபிள் முடிகிற இடம் தெரியாமல் கையை நீட்டியிருக்கிறாள். சாப்பிட வந்த அப்பாதான் பார்த்தார். மோவாய் கிழிந்து, மணிக்கட்டு வீங்கி, இரண்டு காலும் கத்திரிக்கோல் மாதிரி பின்னி இறுகிக் கிடந்தாளாம். மருமகளைத் தொட்டுத் தூக்குகிற பழக்கம் நம் பக்கத்து மாமனாருக்கு உண்டா. உங்கப்பா தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டு, ஈரத்துண்டைத் தலையிலும் காலிலும் போட்டுவிட்டு, நான் வருகிறவரைக்கும் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் வந்ததும் அவள் சொன்னது ஒன்றே ஒன்று, "டேட் போயிடுச்சுங்க அத்தை" என்றாள். ஏற்றுமதி போகாத சரக்கைச் சொல்கிற குரலில் தன்னைச் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் கண் தெளிந்துவிட்டது. சூட்டினால் வருகிற மங்கல் குளிர்ந்தால் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள். உடம்பில் எங்கே வலி இருந்தாலும் விறைப்பு கூடுமாம், அதனால் பழையபடி தொடை இறுகிக்கொள்கிறது. மெஷினுக்குப் போவதும் நின்றிருக்கிறது, கை ஆறிய பிறகு பார்ப்போம் என்கிறார்கள். முத்துப்பேச்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எக்கா, இது ஆர்டர் இல்ல, காலு. இதுக்கு ஓவர்டைம் போட்டா இதுவும் ஸ்ட்ரைக் பண்ணும்" என்றாள். மைதிலி சிரித்தாள், பிறகு அழுதாள். அவள் உட்கார்ந்து அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் அந்தத் தேதியைத் துடைத்துவிட்டு வந்தார்.

டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன், இவளுக்கு வைத்தது காந்த மெஷினா வெறும் மெஷினா, என் மகன் கேட்கிறான் என்று. எனக்கே தெரியாதுங்கம்மா என்றார். அப்புறம், நிஜ மெஷினாகவே இருந்தாலும் இது நோயைத் தீர்க்காது, விறைப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம், அதுவும் எல்லோருக்கும் தளரும் என்று இன்னும் யாராலும் சொல்ல முடியாது, பயிற்சியை ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார். உனக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான் தங்கதுரை. மெஷின் வேலை செய்கிறதா என்று கேட்டாய், தெரியவில்லை. உனக்கு எது தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதைச் சொல்கிறேன். விழுவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவள், அத்தை இங்கே பாருங்க என்று கூப்பிட்டாள். வலது குதிகால் தரையில் பட்டிருந்தது. முழுசாக, சிமெண்டின் குளிர்ச்சி தெரிகிற அளவுக்கு. தரை ஜில்லுனு இருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அது காந்தத்தாலா பயிற்சியாலா, அல்லது அவள் பிடிவாதத்தாலா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இப்போது மறுபடியும் படுவதில்லை. கை ஆறினால், வெயில் தணிந்தால், திரும்பவும் படலாம். படாமலும் போகலாம்.

நீ அங்கே கியூ.சி. வேலை பார்க்கிறாய். பீஸைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைப்பது உன் தொழில், அதை நீ நன்றாகச் செய்கிறாய் என்று எனக்குப் பெருமைதான். வீட்டுக்கு அந்தக் கண்ணோடு வராதே. அவளுக்கு உன்னைவிட நான் ஒன்றும் அதிக உறவு கிடையாது, தாலி கட்டியவன் நீ. ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நீ என்ன யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் அவள் கட்டில் இந்தக் கூடத்தை விட்டுப் போகாது. அப்பாவும் இதையேதான் சொன்னார், அவர் வாயைத் திறந்து சொன்னார் என்றால் நீயே பார்த்துக்கொள். உடுமலையிலிருந்து அவள் அப்பா இளநீர்க் குலையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார், மகளை அழைத்துப் போகட்டுமா என்று கேட்க வாயெடுத்தார், நான் கேட்க விடவில்லை.

சரி, அவள் எழுதச் சொன்ன வரிக்கு வந்துவிட்டேன். நேற்று நான் தலை வாரிவிடும்போது சொன்னாள். "அத்தை, அவுங்கள வைகாசில வரவேண்டாம்னு எழுதுங்க. புரட்டாசில வரச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் சரி பண்ணிக்கறேன்." எழுதுகிறேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள், எழுதிவிட்டேன். இன்றைக்குக் காலையில் ஷெட்டுக்குப் போனால் அப்பா துடைத்த இடத்திலேயே இடது கையால் கோணல்மாணலாகப் புரட்டாசி என்று எழுதியிருக்கிறது. இனி நான் எழுதுவது என் சொல். வைகாசியிலேயே வா. தள்ளிப் போடாதே. அவள் தயாராவதற்கு முன்னால் வா, குதிகால் தரையில் படாமல் இருக்கும்போதே வா. அவளுக்கு நீ செய்ய வேண்டிய வைத்தியம் அது ஒன்றுதான், அதற்கு மெஷின் தேவையில்லை. வர மனசில்லை என்றால் அதையும் எனக்கு எழுது, அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் யோசிக்கலாம் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே.

கண்ணு, நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வாயிலிருந்து வருகிற வார்த்தை நன்றாக இருக்க வேண்டும், கொங்குசீமை தெய்வமெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, போன் பண்ணினால் காலைப் பற்றிக் கேட்காதே, என்ன சாப்பிட்டாய் என்று கேள். மறக்காமல் இன்னொன்று, போன தீபாவளிக்கு நீ அவளுக்கு அனுப்பினாயே குதிகால் உயர்ந்த செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று பெட்டியோடு தலைமாட்டில் வைத்திருக்கிறாள். வரும்போது தட்டையாக, பின்னால் பட்டை வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கி வா. அதை அவள் கையில் கொடுத்துவிடு, வேறு ஒன்றும் நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
சாரதாமணி